யார் செய்த பாவம்?

பைபிளின் கடினமான பகுதிகளில் கிறிஸ்தவர்கள் காணும் கடவுள்

"யார் செய்த பாவமோ, இந்தப் பச்சைப் பிள்ளை அனுபவிக்கிறது!"

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு காதில் விழாத தெரு கிடையாது. பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள், மூட்டை முடிச்சுகளோடு இந்தப் பேச்சையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள்.

பெங்களூருக்குத் தெற்கே ஓசூர் சாலையில் இருக்கிறது எலெக்ட்ரானிக் சிட்டி. 1978-ம் ஆண்டில், கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில், 332 ஏக்கர் நிலத்தில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொடங்கிய தொழிற்பேட்டை இது. இன்று கண்ணாடிக் கட்டடங்களும் மேம்பாலமுமாகக் காட்சி அளிக்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு வந்துவிடும். ஆகவே கட்டட வேலை, காவல் வேலை, கேன்டீன் வேலை, கணக்கு எழுதும் வேலை என்று எதை எடுத்துக் கொண்டாலும் அங்கே தமிழர்களைப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால், அவர்களில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள் கோவிலுக்குப் புறப்படுகிறார்கள். சிலர் பஸ் மாறி, சிவாஜி நகர் மரியன்னை பேராலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போவார்கள். 2025 ஆகஸ்டு மாதம் முதல் மஞ்சள் தட மெட்ரோ ரெயிலும் ஓடுவதால் நகருக்குள் போவது எளிதாகி விட்டது. இரவு ஷிப்டு முடித்த களைப்பில் அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், பக்கத்திலேயே கடை மாடியில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்குப் போவார்கள்.

பிறவியிலேயே கால் விளங்காத குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஒரு தாய் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போகிறாள் என்று வைத்துக் கொள்வோம். "உங்கள் பரம்பரையில் யாரோ செய்த பாவம், அம்மா. மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை வரைக்கும் விடாது என்று வேதத்திலேயே எழுதியிருக்கிறது" என்று அங்கே ஒருவர் சொல்லி விட்டால்?

அந்தத் தாய் எந்த நம்பிக்கையோடு வீடு திரும்புவாள்?

அப்படி எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் எழுதியிருப்பது அது மட்டும்தானா?

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் பதில் தேடிய கதை இரண்டாயிரம் ஆண்டுக் கதை. அதில் ஒரு முக்கியமான பகுதி நம் வேலூரில் நடந்திருக்கிறது.

கசப்பான பக்கங்கள்

"கடவுள் அன்பானவர்" என்பது கிறிஸ்தவர்களின் அடிப்படை நம்பிக்கை. ஆனால் பைபிளை முதலிலிருந்து படிப்பவர்கள் சில இடங்களில் திகைத்து நின்று விடுவார்கள்.

பத்துக் கட்டளைகளில் விக்கிரக ஆராதனையைத் தடை செய்யும் இடத்தில்தான் அந்தத் தலைமுறைக் கணக்கு வருகிறது. தம்மைப் பகைக்கிற தகப்பன்மாரின் குற்றத்தை, மூன்றாம் நான்காம் தலைமுறை வரை பிள்ளைகளிடத்தில் விசாரிப்பதாகக் கடவுள் அங்கே கூறுகிறார்.

எரிகோ நகரம் விழுந்தபோது, கொள்ளைப் பொருளில் கொஞ்சம் வெள்ளியையும் பொன்னையும் ஒரு சால்வையையும் ஒளித்து வைத்தான் ஆகான் என்பவன். அவன் பிடிபட்டதும் அவனுடைய குமாரர்களும் குமாரத்திகளும் அவனோடு சேர்ந்து அழிந்தார்கள் என்கிறது யோசுவாவின் புத்தகம்.

தாவீது ராஜா அடுத்தவன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனைப் போரில் சாகும்படி செய்தார். அதற்குப் பிறகு நோயில் விழுந்து ஏழாம் நாள் இறந்தது, ஒரு பாவமும் அறியாத கைக்குழந்தை.

எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கேயாசி. சீரியப் படைத்தலைவன் நாகமானின் குஷ்ட ரோகத்தை எலிசா காசு வாங்காமல் குணப்படுத்தினார். கேயாசியோ பின்னாலேயே ஓடிப் போய், பொய் சொல்லி வெள்ளியும் துணியும் வாங்கிக் கொண்டான். நாகமானின் குஷ்டம் அவனையும் அவன் சந்ததியையும் என்றும் பற்றிக் கொள்ளும் என்று எலிசா சபித்தார்.

இவற்றைப் படித்துவிட்டு, "இது நியாயமா?" என்று கேட்பது இன்றைக்குத் தோன்றிய வழக்கம் அல்ல. ஆதி காலம் முதலே கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

கத்தரிக்கோல் எடுத்தவர்

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் மார்சியன். கருங்கடல் கரையில் உள்ள சினோப்பே நகரத்துக்காரர். கப்பல் தொழிலில் இருந்தவர். ரோமாபுரிக்கு வந்து அங்குள்ள திருச்சபையில் சேர்ந்தார்.

அவர் சொன்ன யோசனை மிகவும் சுலபமானது. பழைய ஏற்பாட்டில் வருவது ஒரு கடவுள், ஏசுநாதர் காட்டியது வேறு கடவுள் என்றார் அவர். முதலில் சொன்னவர் கோபக்காரர், பின்னால் வந்தவர் அன்பானவர். ஆகவே பழைய ஏற்பாடு வேண்டாம் என்று ஒதுக்கினார். புதிய ஏற்பாட்டிலும் லூக்கா எழுதிய சுவிசேஷத்தையும் பவுலின் 10 கடிதங்களையும் மட்டும் எடுத்துக் கொண்டு, அவற்றிலும் தமக்குப் பிடிக்காத இடங்களை வெட்டினார்.

கி.பி. 144-ம் ஆண்டில் ரோமத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. கசப்பான பக்கங்களையும் சேர்த்தே வைத்துக் கொள்வது என்று திருச்சபை உறுதியாக நின்றது.

இது ஏன்? பழைய ஏற்பாடுதான் ஏசுநாதர் சிறுவயதிலிருந்து படித்த வேதம். ஏழைக்கும் விதவைக்கும் அனாதைக்கும் பரதேசிக்கும் நியாயம் செய்யச் சொல்வதும் அதே பழைய ஏற்பாடுதான். கிழித்து எறிந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

வெட்டவும் கூடாது, கண்ணை மூடிக் கொள்ளவும் கூடாது என்றால் என்ன செய்வது? முழுவதையும் படிப்பது. ஒரு வசனத்துக்கு மற்றொரு வசனம் என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பது. பிரபலமான திருச்சபைகள் எல்லாம் பொதுவாக ஏற்றுக் கொண்ட வழி இதுதான்.

வேதமே சொன்ன பதில்

அப்படிப் படித்தால் முதலில் தெரிவது கணக்கு. அதே கட்டளையில், தண்டனைக்கு மூன்று நான்கு தலைமுறை என்று சொன்ன மூச்சிலேயே, இரக்கத்துக்கு ஆயிரம் என்று வருகிறது. கோபத்துக்கு எல்லை உண்டு, இரக்கத்துக்கு எல்லை இல்லை என்பதே இதன் கருத்து என்று வேத விளக்க ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பாட்டன், தகப்பன், பிள்ளை, பேரன் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். வீட்டுப் பெரியவர் கெட்ட வழியில் போனால் அந்த வீடு முழுவதும் அதன் பலனை அனுபவிக்கும். மூன்று நான்கு தலைமுறை என்பது அந்த ஒரு குடும்பத்தைக் குறிக்கிறது என்றும் சிலர் விளக்குகிறார்கள்.

அடுத்தது உபாகமம். பிள்ளைக்காகத் தகப்பனையோ, தகப்பனுக்காகப் பிள்ளையையோ கொல்லக் கூடாது, அவனவன் குற்றம் அவனவனோடு என்று மோசேயின் சட்டம் அங்கே தெளிவாகக் கூறுகிறது. அமத்சியா என்ற அரசன் இதை நடைமுறையிலும் காட்டினான். தன் தகப்பனைக் கொன்றவர்களுக்கு அவன் மரண தண்டனை கொடுத்தான். அவர்களுடைய பிள்ளைகளைத் தொடவில்லை. மோசேயின் சட்டமே அதற்குக் காரணம் என்று ராஜாக்களின் புத்தகம் குறித்து வைத்திருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கடவுள் இரக்கமும் நீடிய பொறுமையும் உள்ளவர் என்று மோசேயிடம் சொல்லப்பட்ட வார்த்தைகள் பழைய ஏற்பாட்டில் பல இடங்களில் திரும்ப வருகின்றன. முதலில் சொல்லப்பட்டபோது, அவற்றின் கடைசியில் அந்தத் தலைமுறைத் தண்டனையும் இருந்தது. யோவேல், யோனா ஆகிய தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் அதே வார்த்தைகள் வரும்போது தலைமுறைத் தண்டனையைக் காணோம். அந்த இடத்தில், தாம் செய்ய நினைத்த தீங்கை விட்டுவிடுகிறவர் என்று வருகிறது.

அதாவது, வேதத்துக்குள்ளேயே ஒரு விளக்கம் நடந்து கொண்டிருக்கிறது.

ஊரை விட்டு வந்தவர்களின் தீர்க்கதரிசி

அந்த விளக்கம் உச்சத்துக்கு வருவது எசேக்கியேல் புத்தகத்தில். எசேக்கியேல் ஒரு குரு. கி.மு. 597-ல் பாபிலோன் படையெடுத்தபோது எருசலேமிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்கள் நடுவே வாழ்ந்தவர். சொந்த ஊர் கைவிட்டுப் போய், அன்னிய மண்ணில் ஆற்றங்கரையில் குடியிருந்த கூட்டம் அது.

அவர்களிடையே ஒரு பழமொழி உலவியது. புளித்த திராட்சைக் காயைத் தின்றது தகப்பன்மார், பல் கூசியதோ பிள்ளைகளுக்கு என்பது அதன் பொருள். எங்கள் தலைவிதி எங்கள் பெரியவர்கள் செய்த வினை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று அவர்கள் சோர்ந்து போயிருந்தார்கள்.

அந்தப் பழமொழியை இனி யாரும் சொல்லவே கூடாது என்றார் எசேக்கியேல். தகப்பன் கெட்டவனாக இருந்து மகன் நல்லவனாக வாழ்ந்தால் மகன் பிழைப்பான், தகப்பனின் குற்றத்தை அவன் சுமக்க மாட்டான் என்று ஒரு முழு அதிகாரத்தையே இதற்காக எழுதினார். கெட்டவன் சாவதிலும் கடவுளுக்கு மகிழ்ச்சி இல்லை, அவன் திருந்திப் பிழைப்பதையே விரும்புகிறார் என்றும் சொன்னார். எரேமியா தீர்க்கதரிசியும் இதே பழமொழியை எடுத்து இதே கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

யோபுவின் கதையும் இங்கே நினைவுக்கு வரும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடல் எல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தார் யோபு. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று சாதித்தார்கள். கடைசியில் கடவுள் பேசும்போது கண்டனம் யாருக்குக் கிடைத்தது? தம்மோடு வாதாடிய யோபுவுக்கு அல்ல. தமக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக் கொண்ட அந்த நண்பர்களுக்கு!

ஒரு தாய் காத்த காவல்

இத்தனைக்கும் பிறகும் சில பக்கங்கள் கசப்பாகவே இருக்கின்றன. சவுல் ராஜா செய்த படுகொலைக்காக, அவர் இறந்த பின்னர், அவர் வழியில் வந்த ஏழு பேர் தூக்கில் போடப்பட்ட கதை அவற்றில் ஒன்று. மூன்று ஆண்டுப் பஞ்சம் தீர வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது அது.

அந்த ஏழு பேரில் இருவருக்குத் தாய் ரிஸ்பாள். அவள் பாறையின் மேல் சாக்குத் துணியை விரித்து உட்கார்ந்தாள். அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்கிற வரைக்கும், பகலில் பறவைகளும் இரவில் காட்டு மிருகங்களும் அந்த உடல்களை அண்டாதபடி காவல் காத்தாள்.

இதைக் கேள்விப்பட்ட தாவீது, எலும்புகளை எல்லாம் எடுத்து முறைப்படி அடக்கம் செய்தார். அதற்குப் பிறகுதான் நாட்டுக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் கேட்டார் என்று அந்தக் கதை முடிகிறது. தூக்கில் போட்டவுடன் கேட்டதாக அங்கே எழுதவில்லை. கடவுளின் உள்ளம் எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு இது ஒரு அடையாளம் என்று வேத அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள்.

தாவீதின் குழந்தையின் சாவுக்கு இப்படி ஒரு விளக்கமும் சுலபமாகக் கிடைப்பது இல்லை. அந்தப் பக்கத்தை விளங்காத பக்கமாகவே வைத்துக் கொண்டு வாழ்கிற கிறிஸ்தவர்கள் ஏராளம்.

இடிந்து விழுந்த கோபுரம்

பழைய ஏற்பாட்டின் கேள்வி புதிய ஏற்பாட்டிலும் தொடர்கிறது. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்ததும், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று ஏசுநாதரிடம் சீடர்கள் கேட்டார்கள். "யார் செய்த பாவமோ" என்று நாம் கேட்கிறோமே, அதே கேள்விதான்.

இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்பது ஏசுநாதர் சொன்ன பதில். அவர் காரணம் தேடிக் கொண்டு நிற்கவில்லை. தரையில் உமிழ்ந்து, சேறு உண்டாக்கி, அவன் கண்களில் பூசி, சீலோவாம் குளத்தில் கழுவிக் கொண்டு வரச் சொன்னார். அவன் பார்வையோடு திரும்பினான் என்கிறது யோவான் எழுதிய சுவிசேஷம்.

அதே சீலோவாமில் கோபுரம் ஒன்று இடிந்து விழுந்து 18 பேர் இறந்து போனார்கள். அந்தச் செய்தி ஊர்ப் பேச்சாக இருந்தது. எருசலேமில் இருந்த மற்றவர்களை எல்லாம் விட அந்தப் பதினெட்டுப் பேரும் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் ஏசுநாதர். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். மனம் திரும்பாவிட்டால் உங்களுக்கும் அழிவு உண்டு என்று உயிரோடு நின்றவர்களை எச்சரித்தார். இறந்தவர்கள் மேல் பழி போடவில்லை.

சாரம் சரிந்து விழுந்து ஆள் சாவதைக் கண்ணால் பார்த்த கட்டடத் தொழிலாளிக்கு இந்தப் பதிலின் அருமை தெரியும். 2004 டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமசுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலரைக் கடல் கொண்டு போனதே, அவர்கள் வீட்டாருக்கும் தெரியும்.

கடவுள் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஏசுநாதரே சரியான அளவுகோல் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. ஆகவே பைபிளின் எந்தப் பக்கத்தைப் படித்தாலும், இந்தப் பதிலை அருகில் வைத்துக் கொண்டே படிக்க வேண்டும் என்று திருச்சபைகள் போதிக்கின்றன.

பல வழிகள்

இதில் எல்லாருக்கும் ஒரே கருத்து என்று சொல்லி விட முடியாது.

எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஒரிஜென் என்ற அறிஞர், யோசுவாவின் போர்களை மனிதன் தன் உள்ளத்தில் இருக்கும் தீய குணங்களோடு நடத்தும் போராகப் படித்தார். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன், கடவுள் மேலும் பிறர் மேலும் அன்பை வளர்க்காத விளக்கம் வேதத்தைப் புரிந்து கொண்ட விளக்கமே ஆகாது என்று எழுதினார். ஜெனீவாவில் சீர்திருத்தம் செய்த கால்வின், குழந்தையிடம் மழலையில் பேசும் செவிலித் தாயைப் போல, மனிதனுக்கு எட்டும் அளவுக்குத் தம்மைத் தாழ்த்திக் கொண்டு கடவுள் பேசுகிறார் என்றார்.

உயிரைக் கொடுத்தவருக்கு அதை எடுக்கவும் உரிமை உண்டு, அவர் தீர்ப்பை நாம் அளக்க முடியாது என்று எழுத்தின்படியே ஏற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் தங்கள் அறிவுக்கு எட்டியபடி எழுதினார்கள், கடவுளைப் பற்றிய தெளிவு படிப்படியாக வந்தது என்பவர்களும் இருக்கிறார்கள்.

1965-ம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், எழுதியவர் எந்தக் காலத்தில், எந்த நடையில், என்ன கருத்தில் எழுதினார் என்று பார்த்து, வேதம் முழுவதையும் ஒன்றாகக் கொண்டு படிக்க வேண்டும் என்று கத்தோலிக்கர்களுக்கு வழி காட்டியது. அந்தச் சங்கத்தின் கருத்துக்களை இந்திய மக்களிடம் கொண்டு போவதற்காக 1967-ல் ஒரு தேசிய மையம் அமைந்தது பெங்களூரில்தான். அதன் முதல் இயக்குனர் அமலோர்பவதாஸ் அடிகளார் ஒரு தமிழர். 1910-ம் ஆண்டு முதல் நடந்து வரும் ஐக்கிய இறையியல் கல்லூரியும், இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமை அலுவலகமும் இதே ஊரில் இருக்கின்றன. பைபிளை எப்படிப் படிப்பது என்ற ஆராய்ச்சி, தொழிலாளியின் அறையிலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில்தான் நடக்கிறது.

பலனும் தண்டனையும் வேறு வேறு என்பதை இந்த அறிஞர்கள் பலரும் வற்புறுத்துகிறார்கள். தகப்பன் சம்பளப் பணத்தைக் குடித்துத் தீர்த்தால் பிள்ளை பட்டினி கிடக்கும். பெரியவரின் தவறு பிள்ளையைப் பாதிக்கிறது என்பது உலக நடப்பு. அதைப் பார்த்து, கடவுள் அந்தப் பிள்ளைக்குத் தண்டனை கொடுத்தார் என்று சொல்வது வேறு விஷயம்.

வேலூரில் கிடைத்த விளக்கம்

வேதத்தைப் படிக்கும் முறையால் மனிதர்களின் வாழ்வே மாறும் என்பதற்குக் குஷ்ட நோயாளிகளின் கதை ஒரு சான்று.

கேயாசியைப் பற்றியது குஷ்டம் என்றுதான் பழைய தமிழ் பைபிளில் இருக்கிறது. அந்த நோய் வந்தவன் பாளையத்துக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும் என்று லேவியராகமம் கூறுகிறது. நம் கிராமங்களிலும் நோயாளியை ஊருக்கு வெளியே தள்ளினார்கள். பாவத்தின் சம்பளம், பரம்பரைச் சாபம் என்று சொன்னார்கள். வேதம் படித்தவர்களிலும் இந்த எண்ணம் உள்ளவர்கள் இருந்தார்கள்.

ஆனால் அதே லேவியராகமத்தில், துணியிலும் வீட்டுச் சுவரிலும் அந்தக் "குஷ்டம்" வரும் என்று எழுதியிருக்கிறது! சுவருக்குத் தொழுநோய் வருமா? மூல மொழியான எபிரேயத்தில் அங்கே உள்ள சொல், தோல் நோய்கள் பலவற்றையும், துணியிலும் சுவரிலும் பூக்கும் பூஞ்சணத்தையும் சேர்த்துக் குறிக்கும் பொதுச் சொல் என்று அறிஞர்கள் கண்டார்கள். கிரேக்கத்தில் அதை "லெப்ரா" என்று மொழிபெயர்த்தார்கள். அதுவும் செதில் செதிலாக உதிரும் தோல் நோய்க்கு வழங்கிய பெயர்தான். பிற்காலத்தில் அந்தப் பெயர் தொழுநோய்க்கு ஒட்டிக் கொண்டது. மோசேயின் சட்டத்தில் இருந்த கடுமையும் கூடவே ஒட்டிக் கொண்டது.

1873-ம் ஆண்டில் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன், தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று கண்டுபிடித்தார். பரம்பரையும் இல்லை, சாபமும் இல்லை என்பது விஞ்ஞானத்திலும் தெளிவாயிற்று.

1946-ம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில், பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். எலும்பு முறிவு, கை கால் அறுவைச் சிகிச்சையில் நிபுணர். செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் காக்ரேன் அழைத்துப் போய்க் காட்டிய நோயாளிகளில், விரல்கள் மடங்கிப் போன ஒருவரிடம் தம் கையைப் பற்றி இறுக்கச் சொன்னார். வலி தாங்காத அளவுக்குப் பிடி இறுகியது. அழுகிப் போனதாக எல்லாரும் நினைத்த கையில் அவ்வளவு பலம்!

விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. கிருமி நரம்பைக் கெடுத்து விடுகிறது. சில தசைகள் செயல் இழக்கின்றன. வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் நெருப்பும் ஆணியும் பட்டாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. காயங்கள் முற்றித்தான் விரல்கள் போகின்றன. இதைப் பிராண்டும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்து நிலைநாட்டினார்கள்.

1948-ம் ஆண்டில் வேலூரில், முன்கையில் நல்ல நிலையில் உள்ள தசைநாரை விரலோடு இணைத்து, மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார் பிராண்ட். 1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. கரிகிரிக்கு உலகத்தின் பல நாடுகளிலிருந்தும் டாக்டர்கள் வந்து பயிற்சி பெற்றார்கள். பிராண்ட் 2003-ம் ஆண்டில் காலமானார்.

இந்த டாக்டர்களும் நர்சுகளும் கேயாசியின் கதை உள்ள அதே பைபிளைத்தான் படித்தார்கள். ஆனால் குஷ்ட ரோகி ஒருவனை ஏசுநாதர் கை நீட்டித் தொட்ட கதையை அவர்கள் அளவுகோலாக எடுத்துக் கொண்டார்கள். யார் செய்த பாவம் என்று கேட்கவில்லை. கையைக் காட்டு என்றார்கள்.

பெங்களூரிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டி தோன்றிய அதே சமயத்தில், 1970-களின் பிற்பகுதியில், மாகடி சாலையில் சுமனஹள்ளி தொழுநோயாளர் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. கர்நாடக அரசு கேட்டுக் கொண்டதன் பேரில், பேராயர் ஆரோக்கியசாமி காலத்தில் கத்தோலிக்கத் துறவு சபைகள் அதை ஏற்று நடத்தின.

தொழுநோயை முற்றிலும் குணமாக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை செய்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசம். உணர்ச்சி மரத்துப் போன தேமல் உடம்பில் தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுவது நல்லது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று இருந்த பிரிவுகளை 2019-ல் பாராளுமன்றம் நீக்கியது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டமும் அவற்றில் ஒன்று.

அந்தத் தாய்க்கு

கால் விளங்காத குழந்தையோடு நின்ற தாயிடம் இப்போது திரும்பி வருவோம்.

ஒரு வசனத்தை மட்டும் எடுத்து அவள் தலையில் போடுகிறவருக்கு, வேதத்திலேயே மறுப்பு இருக்கிறது. மோசேயின் சட்டமும், எசேக்கியேலின் அதிகாரமும், யோபுவின் முடிவும், ஏசுநாதரின் பதிலும் அவள் பக்கம் நிற்கின்றன. பரம்பரைச் சாபத்தை நீக்குகிறேன் என்று காணிக்கை கேட்பவரிடம், அந்தப் பழமொழியைச் சொல்லக் கூடாது என்று எசேக்கியேல் தடை செய்து விட்டாரே என்று அவள் தாராளமாகக் கேட்கலாம்.

அப்படியானால் என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவள் கேட்டால்? அதற்கு முழு விடை கிறிஸ்தவர்களிடமும் இல்லை. யோபுவுக்கே காரணம் சொல்லப்படவில்லை. கடவுள் தண்டிக்கிறார் என்ற ஒரு பதில் மட்டும் தவறு என்று அவர்களால் சொல்ல முடிகிறது. குற்றவாளியைப் போலத் தலை குனிந்து வந்த ஒரு தாய்க்கு அதுவே பெரிய விடுதலை.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அதே ஓசூர் சாலையில் நகரை நோக்கிப் போனால் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை காலையில் குழந்தையை அங்கே தூக்கிக் கொண்டு போகலாம்.

எந்த டாக்டரும் யார் செய்த பாவம் என்று கேட்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார்.